ஒன்பது ஈர நாள்கள்

புதிய ஒப்பந்தம் ஒரு திங்கட்கிழமை வந்தது,
கிரேமவுத்தின் வழக்கமான மழையில்,
பாலிதீன் உறை போட்டுக்கொண்டு.
டூஹி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.
பிரிக்கவில்லை.
பழையது அவருடைய டிரக்கில்
இருக்கைக்கு அடியில் கிடக்கிறது;
சக்கரம் சேற்றில் புதைந்தால்
அதைத்தான் அண்டக் கொடுப்பார்.

நான் அவருடைய அளவைக் கணக்காளர்.
படிப்பது என் சம்பளத்தில் சேர்த்தி.

பழையதில் ஸ்கெரெட் என்ற ஒருவரே இருவர்.
காலையில் நகராட்சியின் ஆள்:
"மழைக்கெல்லாம் நாள் கிடையாது.
இந்த ஊரில் என்றைக்கு மழை இல்லை?"
சாப்பாட்டுக்குப் பிறகு, அதே நாற்காலியில், நடுவர்.
தொண்டையைச் செருமிக்கொள்வார்.
காலையில் தான் சொன்னதை
வேறு யாரோ சொன்னதுபோலப் பரிசீலிப்பார்.
நான்கு நாள் தருவார்.

பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்
என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.
பிறகு ஒருமுறை
காலை ஸ்கெரெட்டைப் பற்றி
மதிய ஸ்கெரெட் எனக்கு எழுதினார்:
"அவர் கூறுவதை ஏற்க இயலவில்லை."
அந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

புதியது அவரை நடுவாக அறுத்தது.
நிர்வகிப்பவர் ஒருவர்,
சான்றளிப்பவர் வேறொருவர்.
எந்தப் பாதி தனக்கு என்று
ஒரு வாரம் யோசித்துவிட்டுக்
காலைப் பாதியை எடுத்துக்கொண்டார்.
மதியப் பாதி நெல்சனுக்குப் போயிற்று,
மெரெயானா பயேவாய் என்ற பெண்மணியிடம்.
நெல்சனில் வெயில் அதிகம்.
அந்த ஒன்றை வைத்தே டூஹி
அவரைப் பற்றி முடிவுகட்டிவிட்டார்.

நூலக விரிவாக்கம். ஜூலை.
மரச்சட்டங்கள் நின்றன, கூரை இல்லை.
பதினோரு நாள் வேலை முடங்கியது.
கோரிக்கை அனுப்பினேன்.
திரையில் அவர் கேட்டது ஒரே கேள்வி:
"அன்றன்று எழுதிய பதிவு உண்டா?
விமான நிலையத்தின் மழைக்கணக்கு என்னிடம் இருக்கிறது.
எனக்கு வேண்டியது அந்தச் சுவர்மேல் பெய்தது."

டூஹி தொப்பியைக் கழற்றினார். மாட்டினார்.

பதிவு இருந்தது.
தச்சன் லாக்லன் தினமும் பென்சிலால்
வடக்குச் சுவரின் மூன்றாம் மரத்தூணில்
கோடு போட்டு வந்தான், பக்கத்தில் தேதி,
கைவிரல் விறைத்த நாள்களில்
சில கெட்ட வார்த்தைகள்.
அதன்மேல் ஜிப்சம் பலகை அறைந்து,
பட்டி பார்த்து, வெள்ளை பூசி
மூன்று வாரம் ஆகிறது.

டூஹி புதிய ஒப்பந்தத்தின் உறையைப் பிரித்தார்,
முதல்முறையாக.
சுவரில் அதை வைத்து அழுத்திச்
சுற்றிலும் பென்சில் ஓட்டினார்.
அந்த அளவுக்கே அறுத்தார்.
பஞ்சை விலக்கினால்,
இருந்தன எல்லாக் கோடுகளும்.
படமெடுத்து அனுப்பினேன்.

மதியம் இரண்டரைக்கு ஸ்கெரெட் சுற்றிப் பார்க்க வந்தார்.
முடிந்த சுவரில் ஓட்டை:
குறைப் பட்டியலில் ஏற்றுவது அவர் கடமை.
பேனாவைத் திறந்தவர்
குனிந்து கோடுகளை வாசித்தார்.
"பத்தொன்பதாம் தேதி நானும் இங்கே நின்றேன்,"
என்றார். "முழங்கால் வரை."
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.
காத்திருந்தோம்.
அதற்குப் பின் சொல்ல
அவரிடம் எதுவும் இல்லை,
அந்தப் பாதி நெல்சனில் இருந்தது.
பேனாவை மூடிக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் கிடைத்தது.
மீதி இரண்டில் தேதி இல்லை,
வசவு மட்டுமே இருந்ததாகச்
சான்றிதழில் மரியாதையாக எழுதியிருந்தார்.

அந்த ஓட்டையை அடைக்கும் செலவு
யார் தலையில் என்று
ஷரத்து ஷரத்தாகத் தேடிவிட்டேன்.
டூஹி அதற்குள் பட்டி குழைத்துவிட்டார்.
வெளியே பிடித்துக்கொண்டது மறுபடியும்.
லாக்லன் இப்போது போனில் படமெடுக்கிறான்;
தேதி தானாக விழுகிறது.
திட்டுவதற்குத்தான்
இடம் விடவில்லை அதில்.